பாலைவனக் கேம்பில் கன்டெய்னர் எஸ்டிபி: கெடுவது எங்கே, ஏன்

ஓமானின் பாலைவனப் பகுதிகளில், ஃபஹூத், மர்மூல், துக்ம் பக்கமெல்லாம் எண்ணெய் வயல், சாலை, குழாய்ப்பாதை வேலைக்காகப் போடப்படும் தொழிலாளர் கேம்ப்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுக் கழிவுநீர்க் குழாய் கிடையாது. செப்டிக் டேங்க் கட்டி டேங்கரில் ஏற்றி அனுப்பலாம். ஆனால் கொட்டும் இடம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் டேங்கர் வாடகை கேம்ப் வாடகையைத் தொட்டுவிடும். அதனால் கன்டெய்னரில் அடங்கிய எஸ்டிபி (கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிளான்ட்) வருகிறது. இதை ஓட்டுகிறவர்களில் நம் ஆட்கள் நிறைய. அவர்களுக்கும், இப்படி ஒன்றை வாங்கப்போகும் சைட் இன்ஜினியர்களுக்கும்தான் இந்தக் குறிப்பு.

சப்ளையர் கன்டெய்னருக்குள் இருப்பதைப் பற்றியே பேசுவார். ஆனால் இந்த பிளான்ட்கள் பெரும்பாலும் கன்டெய்னருக்கு வெளியே, மெஸ்ஸிலும் பம்ப் குழியிலும்தான் சாகின்றன. பயாலஜி, அதாவது கழிவைத் தின்னும் பாக்டீரியா, தானாகப் படுத்துவிடுவது அபூர்வம்.

முதலில் கணக்கு

500 பேர் தங்கும் கேம்பை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் கழிவுநீர் என்றால் 90 கன மீட்டர். பிஓடி, அதாவது கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன், ஆளுக்கு 60 கிராம், ஆக 30 கிலோ. நைட்ரஜன் ஆளுக்கு 12 கிராம், ஆக 6 கிலோ. லிட்டர் கணக்கில் பிஓடி சுமார் 330 மில்லிகிராம், நைட்ரஜன் 67 மில்லிகிராம். ஊர்க் கழிவுநீரைவிட இது அடர்த்தியானது. மழைநீர் கலக்காது, நிலத்தடி நீர் ஊறி உள்ளே வராது, மூன்று வேளையும் மெஸ் ஓடும். ஊருக்கான அளவை வைத்து டிசைன் செய்த பிளான்ட்டை இங்கே இறக்கினால் முதல் கோடையிலேயே மூச்சு வாங்கும்.

மொத்த அளவைவிட வரும் நேரம் முக்கியம். காலை 4 மணியிலிருந்து 6 வரை ஷிஃப்டுக்குக் கிளம்பும் கூட்டம். அந்த இரண்டு மணி நேரத்தில் நாளின் கால் பங்குக்கு மேல் வந்துவிடும். மாலை பஸ் திரும்பியதிலிருந்து இரவு ஒன்பதரை வரை கிட்டத்தட்ட பாதி. நடுவே மெஸ் தண்ணீர் தவிர ஒன்றுமில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30 முதல் 3.30 வரை வெயிலில் வேலை செய்யத் தடை இருப்பதால், கேம்ப் பக்கத்திலேயே சைட் இருந்தால் மதியமும் ஒரு குளியல் அலை வரும். ரமலானில் மொத்த அட்டவணையும் இரவுக்கு மாறும். வெள்ளிக்கிழமை துணி துவைக்கும் நாள். தண்ணீர் வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடும், சோப்பு நுரை டேங்க் விளிம்பைத் தாண்டி நிற்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவது ஈக்வலைசேஷன் டேங்க். விலையைக் குறைக்க ஆறு மணி நேரத்துக்கு, அதாவது 22 கன மீட்டருக்குக் கொட்டேஷன் போடுவார்கள். மேலே சொன்ன அலைகளை மணிவாரியாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், சமமாக அனுப்புவதற்கு மட்டுமே 25 முதல் 30 கன மீட்டர் தேவைப்படும். பம்ப் மூழ்கி நிற்க அடியில் கொஞ்சம், வெள்ளிக்கிழமைக்குக் கொஞ்சம் சேர்த்தால் 45 கன மீட்டர், அதாவது பன்னிரண்டு மணி நேரம். காசு மிச்சம் பிடிக்க வேறு எங்கு வேண்டுமானாலும் கை வைக்கலாம், இந்த டேங்க்கில் வைக்கக் கூடாது. இதற்குள் காற்று ஓட வேண்டும், ஒரு கன மீட்டர் கொள்ளளவுக்கு மணிக்கு ஒரு கன மீட்டருக்குக் குறையாமல். கோடையில் கழிவுநீரே 35 டிகிரியைத் தாண்டும். காற்றில்லாமல் சில மணி நேரம் நின்றால் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும்.

மெஸ்

500 பேர் மெஸ்ஸில் ஒரு நாளைக்கு 150 கிலோ அரிசி வேகும். நம் சமையல்காரர்கள் வழக்கப்படி கஞ்சியை வடித்துச் சிங்க்கில் ஊற்றுவார்கள். அதில் கரைந்து போகும் மாவு சில கிலோ. கேம்ப் முழுவதும் சேர்ந்து தரும் 30 கிலோ பிஓடியோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை இல்லை. அதுவும் சமையல் நேரத்தில் ஒரே மூச்சில் வந்து இறங்கும். கஞ்சிக்கு ஒரு டிரம் தனியாக வைத்து, மீந்த சாப்பாட்டோடு வெளியே அனுப்பச் சொன்னால் போதும். பிளான்ட்டில் எதையும் மாற்றாமல் கிடைக்கும் இவ்வளவு பெரிய நிவாரணம் வேறில்லை. தட்டுக் கழுவும் சிங்க் ஒவ்வொன்றின் அடியிலும் கழற்றக்கூடிய வலைக் கூடை வேண்டும். இல்லாவிட்டால் சோற்றுப் பருக்கை, எண்ணெயைப் பிரித்து நிறுத்தும் கிரீஸ் டிராப்பின் அடியில் படிந்து புளித்துப் பொங்கும்.

கிரீஸ் டிராப் கணக்கு எளிது. மெஸ் தண்ணீர் நாளுக்கு 15 கன மீட்டர், மூன்று வேளையும் தலா இரண்டு மணி நேரத்தில் வருகிறது என்றால் மணிக்கு இரண்டரை கன மீட்டர். ஒரு மணி நேரம் தங்க இரண்டரை கன மீட்டர் டிராப். சிக்கல் வெயிலில்தான். பாத்திரம் கழுவும் சுடுதண்ணீர் 60 டிகிரியில் வருகிறது, வெளியே 45 டிகிரி. பாமாயில் 35 டிகிரிக்கு மேல் உறைவதில்லை. தரைக்கு மேல் வெயிலில் வைத்த ஸ்டீல் டிராப்புக்குள் எண்ணெய் உருகி, சோப்போடு கலந்து பால்போல நேராக வெளியே போகும். லிஃப்டிங் ஸ்டேஷன் எனும் பம்ப் குழியில் இரவு குளிரும்போது அங்கேபோய் உறையும், ஃப்ளோட் ஸ்விட்சைச் சுற்றி ஒரு கட்டி. ஃப்ளோட் ஏறாது, பம்ப் ஓடாது, விடிகாலை நாலரைக்கு மேன்ஹோல் பொங்கும். டிராப்பைத் தரைக்குள் புதையுங்கள், மேலே நிழல் போடுங்கள், மெஸ்ஸிலிருந்து டிராப் வரை பத்து மீட்டராவது குழாய் மண்ணுக்குள் ஓடட்டும். மேலே மிதப்பதும் அடியில் படிந்ததும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கை எட்டும்போது காலி செய்ய வேண்டும். இந்த அளவு மெஸ்ஸில் அது வாரத்துக்கு ஒரு முறையாவது வரும். கிரீஸைக் கரைக்கும் என்று விற்கப்படும் என்சைம் கேன்களை நம்ப வேண்டாம். அவை செய்வது கிரீஸை டிராப்பிலிருந்து கிளப்பி அடுத்த டேங்க்குக்கு அனுப்பும் வேலை மட்டுமே.

மெஸ்ஸுக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டிய கேள்வி: ஆர்.ஓ. ரிஜெக்ட் எங்கே போகிறது? உப்பு நிலத்தடி நீரைச் சுத்திகரிக்கும் கேம்ப் ஆர்.ஓ. உள்ளே இழுப்பதில் 60 முதல் 75 விழுக்காட்டைத்தான் நல்ல தண்ணீராகத் தரும். 100 கன மீட்டர் தயாரிக்கும்போது 35 முதல் 65 கன மீட்டர் உப்புக் கரைசல் மிஞ்சும். கிட்டத்தில் இருக்கிறது என்று பிளம்பர் அதைச் சாக்கடை மேன்ஹோலில் இணைத்துவிட்டால் பிளான்ட்டின் சுமை ஒரே இரவில் ஒன்றரை மடங்காகும், வெளியேறும் நீரின் உப்பும் எகிறும். விடிகாலை மூன்று மணிக்கு யாரும் குளிக்காதபோதும் ஈக்வலைசேஷன் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தால் முதலில் இதைத் தேடுங்கள்.

பம்ப்பும் சல்லடையும்

மணிக்கு சராசரியாக 4 கன மீட்டர் அனுப்ப வேண்டும் என்பதற்காக 4 கன மீட்டர் பம்ப் வாங்குவது வழக்கமான தவறு. அவ்வளவு சின்ன சப்மெர்சிபிளில் வழி குறுகல். பனியன் கிழிசல், மாப்பு நூல், ஷாம்பு சாஷே ஏதாவது ஒன்று இம்பெல்லரைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பெரிய பம்ப் வாங்கி வால்வைத் திருகிக் குறைத்தால் கிழிசல் வால்வில் மாட்டும். செய்ய வேண்டியது இதுதான்: 12 முதல் 15 கன மீட்டர் வோர்டெக்ஸ் பம்ப் (வழி அகலமான வகை) இரண்டு, ஒன்று ஓட ஒன்று ஸ்டாண்ட்பை. பிளான்ட் தலையில் ஒரு பிரிப்புப் பெட்டி. அதில் ஏற்றி இறக்கக்கூடிய வி-நாட்ச் தகடு வழியாக 4 கன மீட்டர் மட்டும் உள்ளே போகும், மிச்சம் அகலமான குழாயில் ஈக்வலைசேஷனுக்கே திரும்பும். ஓட்டத்தை மாற்றத் தகட்டை நகர்த்தினால் போதும், வால்வைத் தொட வேண்டியதில்லை.

முன்னால் 10 மில்லிமீட்டர் பார் ஸ்கிரீன், அதன் பின் 3 மில்லிமீட்டர் டிரம் ஸ்கிரீன். இரண்டாவதை விட்டுவிட்டு விலையைக் குறைக்கும் பிளான்ட்களை எம்பிபிஆர் (மீடியா எனும் சின்னப் பிளாஸ்டிக் சக்கரங்களில் பாக்டீரியா ஒட்டி வளரும் வகை) ஆக வாங்கவே கூடாது. மீடியாவைத் தடுத்து நிறுத்தும் சல்லடையின் துளை 5, 6 மில்லிமீட்டர்தான். முடியும் நூலும் அதில் சடையாகப் பின்னிக்கொண்டால் டேங்க் மட்டம் ஏறி, மீடியா விளிம்பு வழியாக வழிந்து, கன்டெய்னரைச் சுற்றி மணலில் வெள்ளைச் சக்கரங்கள் இறைந்து கிடக்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவித் திரும்பப் போடும் வேலையை யாரும் விரும்புவதில்லை.

மறுசுழற்சி பம்ப்பை நிறுத்தாதீர்கள்

ஓமானில் கழிவுநீர் மறுபயன்பாட்டுக்கு 1993-ஆம் ஆண்டின் 145-ஆம் அமைச்சக ஆணை இரண்டு தரங்களை வைத்திருக்கிறது. கடுமையான ஏ தரத்தில் லிட்டருக்கு பிஓடி 15, நீரில் கரையாமல் தொங்கும் திடப்பொருள் 15, அம்மோனியா நைட்ரஜன் 5, நைட்ரேட் 50 மில்லிகிராம். முதல் மூன்றை எல்லோரும் கவனிப்பார்கள். நான்காவதில்தான் மாட்டிக்கொள்வார்கள். அந்த 50 என்பது நைட்ரேட்டாகக் கணக்கிட்ட எண். நைட்ரஜனாகச் சொன்னால் 11 சொச்சம்தான். உள்ளே வருவது 67. பாக்டீரியா உடம்பில் சேர்வது போக 50 மில்லிகிராம் நைட்ரேட் நைட்ரஜனாக மாறும். அதில் ஐந்தில் நான்கு பங்கை வாயுவாக விரட்டினால்தான் தேறும். அதற்கு முன்பக்கம் காற்றில்லாத அனாக்ஸிக் டேங்க், பின்னாலிருந்து வரத்தின் நான்கு மடங்கை, அதாவது மணிக்கு 15 கன மீட்டரைத் திருப்பி அனுப்பும் மறுசுழற்சி பம்ப். ஸ்லட்ஜ் (பாக்டீரியாச் சேறு) திரும்பாத சுத்தமான எம்பிபிஆர் என்றால் அனாக்ஸிக் டேங்க்கிலும் மீடியா வேண்டும். மெதுவாகச் சுற்றும் மிக்ஸர் வேண்டும். காற்றடித்துக் கலக்கினால் அது அனாக்ஸிக் இல்லை.

இந்த பம்ப் எந்நேரமும் ஓடுகிறது, அளவு பெரிது, வெளியே ஒன்றும் தெரிவதில்லை. ஆகவே டீசல் மிச்சம் பிடிக்கச் சொல்லும்போது ஆப்பரேட்டர் முதலில் நிறுத்துவது இதைத்தான். நிறுத்தினால் நைட்ரேட் ஏறும் என்பது பாதிக் கதை. மீதிப் பாதி காரத்தன்மையில், அதாவது பிஎச் விழாமல் தாங்கும் சக்தியில் இருக்கிறது.

ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 7.14 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். 50-க்கு 357. கேம்ப் தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீர், அதில் காரத்தன்மை 50-ஐத் தாண்டாது. சிறுநீர் யூரியா சிதைந்து தருவது ஏறக்குறைய 240. மொத்தக் கையிருப்பு 290. பிஎச் விழாமல் இருக்கக் கடைசியில் 80 மிஞ்ச வேண்டும். ஆக 150 துண்டு விழுகிறது. அனாக்ஸிக் சரியாக வேலை செய்தால் நைட்ரேட் வாயுவாகும்போது ஒரு மில்லிகிராமுக்கு 3.57 திரும்பக் கிடைக்கும். 40 மில்லிகிராமுக்கு 143. கணக்கு அநேகமாகச் சரியாகிவிடும். பம்ப்பை நிறுத்தினால் அந்த 150-ஐச் சமையல் சோடாவாகக் கொட்ட வேண்டும். 90 கன மீட்டருக்கு நாளொன்றுக்கு 23 கிலோ, அதாவது கிட்டத்தட்ட ஒரு 25 கிலோ மூட்டை. ஒன்றரை கிலோவாட் பம்ப்பை நிறுத்தி மிச்சமான டீசலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதும் வரிசைப்படி நடக்கும். பிஎச் 6.8-க்குக் கீழே இறங்கும், அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா மந்தமாகும், அம்மோனியா ஏறும். ஆப்பரேட்டர் காற்று போதவில்லை என்று நினைத்து, காற்றடிக்கும் ப்ளோயரைக் கூட்டுவார். ஒன்றும் மாறாது. காரத்தன்மைக்கு டெஸ்ட் ஸ்டிரிப் கிடைக்கிறது, வாரம் மூன்று முறை வெளியேறும் நீரில் நனைத்துப் பார்த்தால் இது வருவதற்கு முன்பே தெரியும்.

இதோடு ஒட்டிய இன்னொரு புதிர். குளோரின் எவ்வளவு போட்டாலும் எச்சம் காட்டுவதில்லை என்ற புகார். டோசிங் பம்ப்பைக் கழற்றி மாட்டுவதற்கு முன் நைட்ரைட் ஸ்டிரிப் ஒன்றை நனையுங்கள். நைட்ரிஃபிகேஷன், அதாவது அம்மோனியா நைட்ரேட்டாகும் வேலை, பாதியில் நின்றால் நைட்ரைட் தேங்கும். ஒரு மில்லிகிராம் நைட்ரைட் நைட்ரஜன் 5 மில்லிகிராம் குளோரினை விழுங்கும். நோய் பயாலஜியில், புலம்பல் குளோரின் டேங்க்கில். நைட்ரைட் இல்லை என்றால் மருந்தைச் சந்தேகியுங்கள். 12 விழுக்காடு என்று கேனில் எழுதிய சோடியம் ஹைப்போகுளோரைட் 40 டிகிரி ஷெட்டில் ஒரு மாதம் இருந்தால் பாதிகூடத் தேறாது. தூரத்துக் கேம்ப்களுக்கு 65 விழுக்காடு கால்சியம் ஹைப்போகுளோரைட் துகள்தான் தோது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் போட நாளுக்கு 700 கிராம். எண்ணெய், டீசல் வாசனைகூடப் படாத இடத்தில் வையுங்கள், தீப்பற்றும்.

காற்று

இந்தச் சுமைக்கு ரியாக்டருக்கு மணிக்குச் சுமார் 200 கன மீட்டர் காற்று, ஈக்வலைசேஷனையும் ஸ்லட்ஜ் டேங்க்கையும் சேர்த்தால் 260. ஊர் பிளான்ட் கணக்கைவிட இது கூடுதலாகத் தெரியும். கன்டெய்னருக்குள் நீர் ஆழம் இரண்டே கால் மீட்டர்தான், குமிழி மேலே வந்துவிடும் நேரம் குறைவு. 20 டிகிரி நீரில் ஆக்ஸிஜன் 9 மில்லிகிராம் வரை கரையும், 35 டிகிரியில் 7-ஐ எட்டாது. மீடியா பிளான்ட்டில் கரைந்த ஆக்ஸிஜன் எப்போதும் 3 முதல் 4 மில்லிகிராம் இருக்க வேண்டும்.

ப்ளோயரிலிருந்து வெளிவரும் காற்று கோடையில் 80 டிகிரியைத் தாண்டும். யுபிவிசி பிளாஸ்டிக் குழாய் 60 டிகிரிக்கே இளகிவிடும். ஆனாலும் ப்ளோயரிலிருந்து நேராக யுபிவிசி மாட்டிய பிளான்ட்கள் வந்துகொண்டே இருக்கின்றன, குளிர்காலத்தில் கமிஷன் செய்து கையெழுத்தும் வாங்கிப் போய்விடுவார்கள். ஹெடர் எனும் முதன்மைக் காற்றுக் குழாய் முழுவதும், நீர் மட்டத்துக்குக் கீழே இறங்கும்வரை, ஜிஐ அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். புழுதிக் காற்று அடித்த மறுநாள் இன்டேக் ஃபில்டரைத் தட்ட வேண்டும். பேனலுக்கு நிழலும் குளிரூட்டலும் இல்லாவிட்டால் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி மதியம் டிரிப் ஆகும், மாலை தானாகச் சரியாகும், எலக்ட்ரீஷியன் வரும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஜெனரேட்டர் மாறும்போது எல்லா மோட்டாரும் ஒன்றாக எழுந்தால் மறுபடி விழும். டைமர் வைத்து ஒவ்வொன்றாக எழுப்புங்கள், முதலில் ப்ளோயர்.

ஸ்லட்ஜ்

பாலைவனத்தில் சுலபமான பகுதி இது ஒன்றுதான். நாளுக்கு 15 கிலோ காய்ந்த ஸ்லட்ஜ் உருவாகும், நீராகப் பார்த்தால் ஒன்றரை கன மீட்டர். சரளை மேல் 25 சென்டிமீட்டர் மணல் போட்ட பத்து சதுர மீட்டர் படுக்கை நான்கு கட்டினால் போதும். இரண்டு வாரத்தில் வெடித்துச் சில்லாகும், மண்வெட்டியால் அள்ளலாம். ஃபில்டர் பிரஸ் விற்க வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஆனால் ஸ்லட்ஜ் படியும் டேங்க்கான கிளாரிஃபயரின் அடியில் அதைத் தேங்க விடக் கூடாது. 35 டிகிரி சூட்டில் கூம்பில் சில மணி நேரம் கிடந்தாலே மிச்ச நைட்ரேட் வாயுவாகி, ஸ்லட்ஜைக் கறுப்புத் திட்டுகளாக மேலே தூக்கும். நாளுக்கு ஒரு முறை அரை மணி நேரம் திறப்பதைவிட, இரண்டு மணிக்கு ஒரு தடவை இரண்டு நிமிடம் திறக்கும் டைமர் வால்வு மேல்.

ஆட்கள் வரும்முன், ஆட்கள் போன பின்

மாடுலர் என்பதற்கு அர்த்தம் கன்டெய்னரில் வருவது மட்டுமில்லை. கேம்ப் திறக்கும்போது 80 பேர்தான் இருப்பார்கள், 500 பேர் ஆக மாதங்கள் ஆகும். ஒரே 500 பேர் லைன் வாங்கினால் தொடக்கத்தில் பாக்டீரியா பட்டினி கிடக்கும். 250 பேருக்கான இரண்டு லைனாக வாங்குங்கள். ஒன்றை ஓட்டி நிரம்பும்போது, பாக்டீரியாப் படலம் பிடித்த அதன் மீடியாவில் கொஞ்சம் எடுத்து இரண்டாவதில் போட்டுத் திறக்கலாம். முதல் லைனுக்கு, ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு பிளான்ட்டிலிருந்து ஒரு டேங்கர் ஸ்லட்ஜ் கேட்டு வாங்குங்கள். புது மீடியா வழுவழுப்பாக மேலேயே மிதக்கும், ஓரிரு வாரத்தில் நனைந்து சுழல ஆரம்பிக்கும். நுரை பொங்கினால் தண்ணீர் பீய்ச்சி அடக்குங்கள். சிலிகான் நுரைக்கொல்லி மீடியாவில் படிந்து பாக்டீரியாவை ஒட்ட விடாது. அம்மோனியா இறங்க ஆறு வாரம்கூட ஆகலாம், அதுவரை நீரை டேங்கரில் அனுப்பும் செலவைப் பட்ஜெட்டில் போட்டு வையுங்கள்.

அடித்தளம் கான்கிரீட் பலகையாக இருக்கட்டும். நிரம்பிய 40 அடி கன்டெய்னரில் தண்ணீர் மட்டுமே 60 டன். துக்ம் பக்கத்து சப்கா உப்பு மண்ணில் ரயில் கட்டை அடுக்கி அதன்மேல் வைத்தால் ஒரு மூலை இரண்டு சென்டிமீட்டர் இறங்கும், கிளாரிஃபயரில் தண்ணீர் அந்த மூலையில் மட்டும் வழியும். ஸ்லட்ஜும் அதோடு போகும்.

பம்ப் குழிக்குள் இறங்குவதைப் பற்றி. நான்கு வாயு டிடெக்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறைந்தாலோ, ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம் காட்டினாலோ யாரும் இறங்கக் கூடாது. நாற்றம் இல்லை என்பது தைரியம் தரக்கூடாது, 100 பிபிஎம்முக்கு மேல் மூக்கு மரத்துப்போகும். டிரைபாடும் ஹார்னஸும் இல்லாமல் ஒருவர் விழுந்தால், காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் போவார். பம்ப்பை கைடு ரெயிலில் மேலே இழுக்கும் வகையாக வாங்கினால் பெரும்பாலும் இறங்கவே வேண்டியிருக்காது. அந்த ரெயிலும் செயினும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வேண்டும். ஜிஐ செயின் இந்த வாயுவில் அரித்து, ஒரு நாள் பம்ப்பைப் பாதி தூரம் தூக்கும்போது அறும்.

கேம்ப் இடம் மாறும்போது கன்டெய்னரை முழுக்க வடித்துவிட்டுத்தான் டிரெய்லரில் ஏற்ற முடியும். மீடியாவை உள்ளேயே விட்டு வெயிலில் கொண்டுபோனால் பாக்டீரியாப் படலம் காய்ந்து பொரிந்து உதிரும். வடிக்கும் முன் ஒரு கன மீட்டர் மீடியாவை ஈரத்தோடு கோணிப்பையில் கட்டி, தனி டிரம்மில் பழைய டேங்க்கின் தண்ணீரோடு எடுத்துப் போங்கள். பயணம் ஒரு நாளைத் தாண்டினால் டிரம்முக்குள் சின்ன அக்வேரியம் காற்று பம்ப் ஒன்றைப் போட்டுவிடுங்கள், லாரி பேட்டரியிலேயே ஓடும். புது இடத்தில் இதுவே விதை, டேங்கர் ஸ்லட்ஜுக்கு யாரையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.